நஞ்சுக்கொடியின் பத்து மாதம்

திருச்சி மலைக்கோட்டையில் உச்சிப்பிள்ளையாரைப் பார்க்கப் படியேறுகிறவர்கள் வழியில் தாயுமானவர் சந்நிதியைக் கடந்து போகிறார்கள். ரத்னாவதி என்ற செட்டிப்பெண்ணுக்கு இந்த ஊரில் பேறுகாலம். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளப் புறப்பட்ட அம்மா, காவிரியில் வெள்ளம் பெருகியதால் அக்கரையிலேயே நின்றுவிட்டாள். இங்கே மகளுக்கு வலி கண்டுவிட்டது. அம்மாவின் உருவத்தில் சிவனே வந்து பிரசவம் பார்த்தார், வெள்ளம் வடிந்து நிஜ அம்மா வாசலில் வந்து நின்றபோதுதான் விஷயம் தெரிந்தது என்கிறது தலபுராணம். சுகப்பிரசவம் வேண்டி இன்றைக்கும் இந்தச் சந்நிதிக்கு வாழைத்தார் நேர்ந்துகொள்கிறார்கள்.

அந்தக் கதையில் தாய் உண்டு, குழந்தை உண்டு, பிரசவம் பார்த்தவரும் உண்டு. குழந்தைக்குப் பின்னாலேயே வந்து விழுந்திருக்க வேண்டிய நஞ்சுக்கொடியைப் பற்றிப் பேச்சே இல்லை. நம் வீடுகளில் சொல்லப்படும் பிரசவக் கதைகளிலும் அது வருவதில்லை. குழந்தைக்காக மூச்சுவிட்டு, சாப்பிட்டு, கழிவை வெளியேற்றி, பத்து மாதம் உழைத்துவிட்டு அரைமணி நேரத்தில் விடைபெறும் உறுப்பு அது. மனித உடம்பில் இவ்வளவு குறுகிய ஆயுளில் இவ்வளவு வேலை செய்யும் வேறோர் உறுப்பு இல்லை. அதன் வாழ்க்கையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். ஏனென்றால் எட்டாம் மாதத்தில் திடீரென்று வந்ததாக நாம் நினைக்கும் பல ஆபத்துகள், நாலாம் மாதத்திலேயே அதற்குள் முடிவாகிவிடுகின்றன.

பிறக்கும்போது நஞ்சுக்கொடியின் எடை ஏறக்குறைய அரைக் கிலோ. அகலம் 22 சென்டிமீட்டர், நடுவில் கனம் இரண்டரை சென்டிமீட்டர். உள்ளே மரக்கிளைகளாகப் பிரிந்து நிற்கும் விரலிகளின் பரப்பை விரித்தால் 12 முதல் 14 சதுர மீட்டர், சின்ன அறை ஒன்றின் தரையளவு வரும். அந்த விரலிகளுக்குள் ஓடும் குழந்தையின் நுண்குழாய்களை ஒன்றன்பின் ஒன்றாக நீட்டி வைத்தால் சுமார் 550 கிலோமீட்டர். திருச்சியிலிருந்து சென்னைக்குப் போய், திரும்பும் வழியில் உளுந்தூர்பேட்டையும் தாண்டிவிடலாம். இவ்வளவு குழாயும் ஒன்பது மாதத்துக்குள் வளர்ந்தவை.

கருவுற்ற ஆறாம் ஏழாம் நாளில் அதன் பயணம் தொடங்குகிறது. அப்போது கரு சில நூறு செல்கள்கூட இல்லாத சின்ன உருண்டை. அதன் வெளிச்சுற்றில் இருக்கும் செல்களுக்கு ட்ரோஃபோபிளாஸ்ட் என்று பெயர். குழந்தையாக ஆகப்போவது உள்ளே இருக்கும் செல்கள். நஞ்சுக்கொடியாக ஆகப்போவது இந்த வெளிச்செல்கள். நஞ்சுக்கொடி தாயின் உறுப்பு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது குழந்தையின் உறுப்பு. அதன் மரபணுவில் பாதி தகப்பனுடையது. அந்நியமான ஒன்று உள்ளே நுழைந்தால் உடம்பின் எதிர்ப்புச் செல்கள் பாய்ந்து அழிக்கும் என்பது பொது விதி. கருப்பையில் அந்த விதி தளர்கிறது. அங்கே கூடியிருக்கும் எதிர்ப்புச் செல்கள் நஞ்சுக்கொடி வேர்விட உதவி செய்கின்றன.

மூன்றாம் வாரத்தில் விரலிகளுக்குள் முதல் ரத்தக்குழாய்கள் முளைக்கின்றன. அவற்றை முளைக்கவும் கிளைவிடவும் சொல்வது வி.இ.ஜி.எஃப். என்ற புரதம். நஞ்சுக்கொடியே சுரக்கும் பி.எல்.ஜி.எஃப். என்ற இன்னொரு புரதமும் அதற்குத் துணை. ஏறக்குறைய அதே நாட்களில் குழந்தையின் இதயம் துடிக்கத் தொடங்கி, தொப்புள்கொடிவழியே ரத்தம் போய்வர ஆரம்பிக்கிறது. தாயின் ரத்தம் அப்போது இன்னும் நஞ்சுக்கொடிக்குள் தாராளமாக வந்திருக்காது. முதல் பத்துப் பன்னிரண்டு வாரங்களுக்கு ட்ரோஃபோபிளாஸ்ட் செல்களே தாயின் ரத்தக்குழாய் வாய்களை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. பிராணவாயு அதிகமானால் அந்த இளம் திசுக்கள் தாங்காது. கருப்பைச் சுரப்பிகள் தரும் சத்தை உண்டு கரு வளர்கிறது. பன்னிரண்டாம் வாரத்தை ஒட்டி அடைப்பு கரைந்து, தாயின் ரத்தம் உள்ளே வருகிறது. வாந்தியும் மயக்கமுமாகப் பெண் படுத்துக் கிடக்கும் மசக்கைக் காலத்தில், உள்ளே இவ்வளவும் நடந்துகொண்டிருக்கிறது.

இதற்குப் பிறகு நடப்பதுதான் எல்லாவற்றுக்கும் ஆதாரம். கருப்பைச் சுவரில் சுருள் சுருளாக வளைந்த தமனிகள் சுமார் நூறு, நஞ்சுக்கொடிக்குப் படுகையாகும் இடத்தில் வந்து திறக்கின்றன. சாதாரண நாட்களில் அவை மெல்லியவை. சுற்றிலும் தசை இருப்பதால் சுருங்கி விரியக்கூடியவை. குழந்தையின் செல்கள் அந்தத் தமனிகளுக்குள் எதிர்த்திசையில் ஊர்ந்து போய், சுவரில் இருக்கும் தசையைக் கரைத்து, வாயை ஐந்து முதல் பத்து மடங்கு அகலமாக்குகின்றன. தசை போன பிறகு தாய் பயந்தாலும் கோபப்பட்டாலும் அந்தக் குழாய் சுருங்காது. இந்த வேலை இருபதாம் வாரத்தை ஒட்டி முடிகிறது. மாதம் நிறையும்போது நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேலான ரத்தம் அந்த அகன்ற வாய்கள் வழியே வந்து விரலிகளை நனைத்துவிட்டுத் திரும்புகிறது. தாயின் ரத்தமும் குழந்தையின் ரத்தமும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. நடுவே நிற்கும் மெல்லிய சுவரின் வழியே பிராணவாயுவும் சர்க்கரையும் அந்தப் பக்கம் போகின்றன, கழிவு இந்தப் பக்கம் வருகிறது.

வாய் அகலமாவதில் அளவு மட்டும் இல்லை, வேகமும் இருக்கிறது. உய்யக்கொண்டான் வாய்க்கால் பாசனத்தில் வயல் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். குறுகின மடையில் பீறிட்டு வரும் தண்ணீர் நாற்றைப் பெயர்த்துவிடும். அதே தண்ணீர் அகன்ற வாய்மடையில் வந்தால் பயிரின் காலை நனைத்துக்கொண்டு நிற்கும். தமனியின் வாய் விரிந்திருந்தால், ரத்தம் விநாடிக்கு சுமார் 10 சென்டிமீட்டர் என்ற நிதானத்தில் வந்து சேர்கிறது. விரியாமல் போனால் விநாடிக்கு ஒன்று, இரண்டு மீட்டர் வேகத்தில் பாய்ந்து விரலிகளைச் சிதைக்கிறது. வரத்தும் சீராக இருப்பதில்லை. தமனி சுருங்கும்போது பிராணவாயு குறைகிறது, விரியும்போது திடீரென்று கூடுகிறது. நஞ்சுக்கொடி காயப்படுகிறது.

தமனிகள் விரியும் இந்த மாற்றத்தை 1967-இல் முதலில் தெளிவாக எழுதியவர்கள் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஈவோ புரோசன்ஸும் அவரோடு ஆய்ந்த ராபர்ட்சன், டிக்சன் இருவரும். கர்ப்பத்தில் பிரஷர் ஏறும் நோயான முன்சூல்வலிப்பு வந்த பெண்களிடம் அந்த மாற்றம் பாதியிலேயே நின்றுபோயிருந்ததை 1972-இல் அவர்களே காட்டினார்கள். எனக்கு இதில் வருத்தம் தரும் விஷயம் ஒன்று உண்டு. மாற்றம் தவறுவது நாலாம், ஐந்தாம் மாதத்தில். பெண்ணுக்குத் தொந்தரவு தெரிவது ஏழாம், எட்டாம் மாதத்தில். இடையில் அவள் வளைகாப்புக்கு உட்கார்கிறாள், வளையல் அடுக்கிக்கொள்கிறாள், எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று வீடு நினைக்கிறது.

பிறகு ஒருநாள் கால் வீங்குகிறது. மாசமாக இருந்தால் நீர் கோக்கத்தான் செய்யும் என்கிறார்கள். தலை வலிக்கிறது, வெயிலில் போனாய் என்கிறார்கள். மேல்வயிற்றில் வலிக்கிறது, வாயு என்று சொல்லிப் பூண்டுக் கஷாயம் கொடுக்கிறார்கள். கண் மங்கலாகத் தெரிகிறது என்று அவள் சொல்லும்போதுதான் பயம் வருகிறது. பிரஷர் 140/90-ஐத் தாண்டி, சிறுநீரில் புரதம் வெளியேறினால் அதுவே முன்சூல்வலிப்பு. நம் ஆஸ்பத்திரி வராந்தாக்களில் “உப்பு போகுது” என்று சொல்வது இதைத்தான். உலகில் நூறு கர்ப்பங்களில் இரண்டு முதல் எட்டில் இது வருகிறது. மோசமானால் வலிப்பு வரும். முன்பெல்லாம் ஜன்னி கண்டுவிட்டது என்று சொல்லிக் கைவிட்டார்கள். ஈரலும் சிறுநீரகமும் பாதிக்கும், மூளையில் ரத்தம் கசியும். நஞ்சுக்கொடி நேரத்துக்கு முன்னால் பிய்த்துக்கொண்டு வந்துவிடலாம். குழந்தை எடை கூடாமல் சுணங்கும், சில நேரம் உள்ளேயே இறந்துவிடும்.

இந்த ஜன்னியோடு சென்னை நெடுங்காலம் போராடியிருக்கிறது. எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை 1844-இல் தொடங்கியது. ஆ. லட்சுமணசாமி முதலியாரும் எம்.கே. கிருஷ்ண மேனனும் எழுதிய மகப்பேறு மருத்துவ நூலைப் படித்துத்தான் இந்திய மாணவர்கள் பல தலைமுறையாகப் பிரசவம் பார்க்கக் கற்றார்கள். மேனன் 1961-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழொன்றில் ஜன்னிக்கான சிகிச்சை வளர்ந்த கதையை எழுதினார். குளோர்புரோமசின், புரோமெதசின், பெத்திடின் மூன்றையும் சேர்த்துக் கொடுத்துப் பெண்ணை ஆழ்ந்த அமைதியில் வைக்கும் அவருடைய முறை, பல பத்தாண்டுகள் இந்திய பிரசவ வார்டுகளில் ‘மேனன் முறை’ என்ற பெயரிலேயே நடந்தது. வசதி இல்லாத காலத்தில் அது காப்பாற்றிய உயிர்கள் ஏராளம்.

அதற்கும் மேலான மருந்து எது என்று 1995-இல் தெளிவானது. இந்தியா உள்ளிட்ட பல நாடுகளில் நடந்த பெரிய ஆய்வில், மக்னீசியம் சல்பேட் கொடுத்தால் வலிப்பு மறுபடி வருவது டயாசிபாமைவிட 52 விழுக்காடும் ஃபெனிடாயினைவிட 67 விழுக்காடும் குறைவு என்று தெரிந்தது. 2002-இல் 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த இன்னோர் ஆய்வு, முன்னெச்சரிக்கையாகவே அதைக் கொடுத்தால் வலிப்பு வருவது 58 விழுக்காடு குறையும் என்று காட்டியது. விலை குறைந்த ரசாயன உப்பு அது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன் இரண்டு பிட்டத்திலும் ஐந்தைந்து கிராம் ஊசியாகப் போட்டு அனுப்பத் துணை மையச் செவிலியருக்கே அரசு வழிகாட்டுதல் அனுமதி தருகிறது. கர்ப்பிணிகளுக்குக் கிடைத்த மிக நல்ல மருந்துகளில் இதை முதல் வரிசையில் வைப்பேன்.

ஆனாலும் இவையெல்லாம் வலிப்பைத்தான் தடுக்கின்றன. நோயின் ஊற்று நஞ்சுக்கொடி. அது வெளியே வரும்வரை நோய் தீராது. நஞ்சுக்கொடியிலிருந்து எது கிளம்பித் தாயின் சிறுநீரகத்தையும் மூளையையும் தாக்குகிறது என்ற கேள்விக்கு வெகுகாலம் விடை இல்லை. விடையைத் தேடிப் போனவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன சிறுநீரக மருத்துவர் ச. ஆனந்த் கருமாஞ்சி. பாஸ்டனில் அவருடைய குழு, நோய் வந்த பெண்களின் நஞ்சுக்கொடிகளையும் ஆரோக்கியமான நஞ்சுக்கொடிகளையும் ஒப்பிட்டது. நோயுற்றவற்றில் எஸ்.ஃபிளிட்-1 என்ற புரதம் மிதமிஞ்சிச் சுரந்திருந்தது. வி.இ.ஜி.எஃப்., பி.எல்.ஜி.எஃப். இரண்டும் ரத்தக்குழாய்ச் சுவரில் போய் ஒட்ட வேண்டிய பிடிமானத்தின் அறுபட்ட துண்டு அது. ரத்தத்தில் மிதந்துகொண்டு அந்த இரண்டையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. அவை கிடைக்காத குழாய்ச் சுவர்கள் சுருங்குகின்றன, கசிகின்றன. பிரஷர் ஏறுகிறது, சிறுநீரில் புரதம் போகிறது. அந்தப் புரதத்தை எலிகளுக்குச் செலுத்தியபோது அவற்றுக்கும் இதே நோய்க்குறிகள் வந்தன. புற்றுநோய்க் கட்டிக்கு ரத்தம் போகாமல் இருக்க வி.இ.ஜி.எஃப்.-ஐத் தடுக்கும் மருந்து கொடுத்தால் சில நோயாளிகளுக்கு பிரஷரும் புரதக் கசிவும் வரும் என்பதும் இதோடு பொருந்தியது. 2003-இல் இந்த ஆய்வு வெளியானது. நோய் தெரிவதற்குச் சில வாரம் முன்பே தாயின் ரத்தத்தில் இந்தப் புரதம் ஏறத் தொடங்குகிறது என்று அடுத்த ஆண்டே காட்டினார்கள். எஸ்.ஃபிளிட்-1, பி.எல்.ஜி.எஃப். இரண்டின் விகிதத்தை அளக்கும் ரத்தப் பரிசோதனைக்கு அமெரிக்க அரசு 2023 மே மாதம் அனுமதி தந்தது.

முன்கூட்டித் தடுக்கவும் வழி இருக்கிறது. 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆபத்து அதிகமுள்ள பெண்களுக்கு முதல் மூன்று மாத முடிவிலிருந்து இரவில் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்தார்கள். மாதம் நிறையும் முன் வரும் முன்சூல்வலிப்பு 4.3 விழுக்காட்டிலிருந்து 1.6 ஆகக் குறைந்தது. பதினாறு வாரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். தமனிகள் விரியும் காலம் அதுதான். யாருக்கு வேண்டும் என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும், கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளும் மாத்திரை இல்லை இது. கால்சியம் மாத்திரையை ஒதுக்கிவைக்கும் பெண்களுக்கும் ஒரு செய்தி: பெங்களூரிலும் தான்சானியாவிலும் தலா 11,000 பெண்களிடம் நடந்து 2024-இல் வெளியான ஆய்வில், முன்சூல்வலிப்பைத் தடுப்பதில் நாளுக்கு 500 மில்லிகிராம், 1,500 மில்லிகிராமுக்குக் குறைந்ததாக இல்லை. தினம் ஒரு மாத்திரை போதும் என்றால் விடாமல் சாப்பிடுவது சுலபம்.

திருச்சிப் பக்கம் ஒரு கர்ப்பிணிக்கு இந்தக் கவனிப்பெல்லாம் எப்படி வந்து சேர்கிறது? கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்தால் பிக்மி என்ற கர்ப்பப் பதிவு எண் கிடைக்கிறது. ஒவ்வொரு முறை போகும்போதும் எடை, பிரஷர், சிறுநீர் பார்க்கிறார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி 1987-இல் 300 ரூபாயில் தொடங்கி 2018-இல் 18,000 ஆனது. 12 வாரத்துக்குள் பதிவு செய்யவேண்டும் என்ற நிபந்தனையை அந்தப் பணத்தோடு முடிச்சுப்போட்டது மிகப் புத்திசாலித்தனமான ஏற்பாடு. ஸ்கேனில் டாப்ளர் வைத்துக் கருப்பைத் தமனியிலும் தொப்புள்கொடியிலும் ரத்தம் ஓடுவதைப் பார்க்கிறார்கள். “ரத்த ஓட்டம் கம்மியா இருக்கு” என்று அந்த அறிக்கையைப் படித்துச் சொன்னால், நூறு தமனிகளின் கதைதான் அதில் எழுதியிருக்கிறது. சிக்கலானவர்களைப் புத்தூரில் இருக்கும் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். 1997-இல் தொடங்கிய கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அது.

ஸ்ரீரங்கத்திலிருந்து அங்கே போக இன்றைக்கும் காவிரியைத் தாண்டித்தான் ஆக வேண்டும். மாம்பழச்சாலையையும் சிந்தாமணியையும் இணைக்கும் இப்போதைய பாலம் 1976-இல் வந்தது. 108 வண்டி 2008-இல் வந்தது. ஆடிப்பெருக்குக்கு அம்மா மண்டபத்தில் காவிரியைச் சூலியாக நினைத்துச் சித்திரான்னம் படைக்கிற ஊர் இது. ஆனாலும் பாலமே இல்லாத நாட்களில், வெள்ளக்காலத்தில் வலி கண்ட பெண்களின் வீடுகளில் என்ன பாடு பட்டிருப்பார்கள் என்பது தாயுமானவர் கதை கேட்ட எவருக்கும் புரியும். 2019–21 கணக்கில் தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவம் ஆஸ்பத்திரியில் நடந்தது. லட்சம் உயிர்ப்பிறப்புக்குத் தாய் இறப்பு 2018–20 கணக்கில் 54. நாட்டுச் சராசரி 97. பெருமைப்படலாம். ஆனால் அந்த 54 வீடுகளில் ஒரு பங்கு, இந்த உறுப்பின் கோளாறால் இருண்டவை.

இனி அதன் கடைசி அரைமணி. குழந்தை வெளியே வந்து கொடியை வெட்டியதும் கருப்பை சுருங்குகிறது, நஞ்சுக்கொடி கழன்று விழுகிறது. அந்தக் காலத்து மருத்துவச்சி அதை விரித்து முழுசாக வந்துவிட்டதா என்று பார்ப்பாள். துண்டு உள்ளே தங்கினால் உதிரப்போக்கு நிற்காது என்று அவளுக்குத் தெரியும். இன்றைய செவிலியரும் அதையேதான் பார்க்கிறார். முன்பு கொல்லையில் குழிதோண்டிப் புதைத்தார்கள். மாட்டின் நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுவது இன்னும் கிராமங்களில் உண்டு. ஆஸ்பத்திரியில் அது மஞ்சள் பைக்குள் போகிறது. 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளின்படி எரித்துவிடுகிறார்கள்.

எரிப்பதில் எனக்குக் குறை இல்லை. படிக்காமல் எரிப்பதில்தான் குறை. பிரஷர் ஏறிய பிரசவம், எடை கூடாத குழந்தை, மாதம் நிறையாத பிறப்பு, வயிற்றிலேயே இறந்த குழந்தை, இப்படி ஏதாவது நடந்திருந்தால் அந்த நஞ்சுக்கொடியை பார்மலினில் போட்டு நோய்க்கூறு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். தமனி விரிந்ததா, விரலிகள் எங்கே மடிந்தன, ரத்தக்கட்டு இருந்ததா என்று நுண்ணோக்கியில் தெரியும். குழந்தையை இழந்த தாயிடம் நீ படியேறியதால், நீ பப்பாளி தின்றதால் என்று வீடு சொல்லும் பழியைத் துடைக்க இந்த அறிக்கை ஒன்றே பல நேரம் போதும். அடுத்த கர்ப்பத்தில் ஆஸ்பிரினை எப்போது தொடங்குவது என்று மருத்துவர் முடிவெடுக்கவும் அது கைகொடுக்கும்.

நஞ்சுக்கொடி போன பிறகும் தாயை விட்டுவிடக் கூடாது. பிரசவமான முதல் சில நாட்களிலும் வலிப்பு வரலாம், ஆறு வாரம்வரை கவனம் வேண்டும். முன்சூல்வலிப்பு வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் இதய நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மடங்கு. ஆனால் தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் தாயின் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றிப் பார்ப்பது இன்னும் நம் வழக்கமாகவில்லை.

இதைப் படிப்பவர்களில் மகள், மருமகள், தங்கை மாசமாக இருக்கும் வீடுகள் இருக்கும். முதல் மூன்று மாதத்துக்குள் பதிவு செய்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் பிரஷர் எவ்வளவு என்று கேட்டு அட்டையில் எழுதி வாங்குங்கள். தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். பிரசவம் சிக்கலாக முடிந்திருந்தால், மஞ்சள் பையைக் கட்டுவதற்கு முன் நஞ்சுக்கொடியைப் பரிசோதனைக்கு அனுப்ப முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.